நிற்கக் கற்பிப்பவர்: தீயணைப்புப் பயிற்றுநர் பணியின் நிறைகுறைகள்

தீயணைப்புப் பயிற்றுநர் என்று அழைக்கப்படுபவருக்கு மாணவர்கள் இரு சாரார். பணியில் புதிதாகச் சேர்ந்து, ஏறத்தாழ மூன்று மாத காலம் அடிப்படைப் பயிற்சி பெறும் இளைஞர்கள் ஒரு சாரார். பள்ளிப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் என்று துறைக்கு வெளியே இருந்துகொண்டு அவரிடம் அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ பாடம் கேட்பவர்கள் மற்றொரு சாரார். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் முதல் சாராருக்குத் தாம்பரத்தின் மாநிலப் பயிற்சி மையம் பள்ளிக்கூடம் போன்றது. இரண்டாம் சாராருக்கு அந்தந்த ஊரின் நிலைய அலுவலரும் அவருடன் வரும் நான்கைந்து வீரர்களுமே ஆசிரியர்கள். இவ்விரு பணிகளையும் செய்பவர் எந்த ஊக்கத்தால் அதற்கு வருகிறார், அந்த ஊக்கம் அவருடைய பாடத்துக்கு எந்த வலிமையைத் தருகிறது, எந்த இடத்தில் அதுவே குறையாக மாறுகிறது என்பவற்றைத் திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தின் நிலைமையோடு பொருத்திப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

இவ்வட்டாரம் அத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமான களம் என்பதற்குக் காரணம் உண்டு. ராஜபாளையத்தில் நூற்பாலைகளும் பஞ்சுக் கிடங்குகளும், அதன் அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளும் இருக்கின்றன. கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் சிவகாசி, சாத்தூர் பகுதியின் பட்டாசு ஆலைகள் பரவிக் கிடக்கின்றன. மேற்கே 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு கோடையில் காய்ந்து நிற்கிறது. இவற்றுக்கு நடுவே, வத்திராயிருப்புக்குப் போகும் வழியில் உள்ள சுந்தரபாண்டியம் போன்ற நெசவும் வேளாண்மையும் கலந்த ஊர்களில், ஆழமான பாசனக் கிணறுகளும் வீட்டோடு ஒட்டிய வைக்கோல் படப்புகளும் தண்ணீர் வண்டி திரும்ப முடியாத தெருக்களும் உள்ளன. பஞ்சுத் தீயும் வெடிமருந்துத் தீயும் காட்டுத் தீயும் கிணற்று மீட்பும் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு கலைகள். இங்கே பணியாற்றும் ஒரே நிலையத்தின் வீரர்கள் நான்கையும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தியத் தீயணைப்புப் படைகள் தம் நினைவு நாளாகக் கொண்டிருக்கும் ஏப்ரல் 14-இன் பின்னணியும் இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. 1944-இல் அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் சேர்ந்தே ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் பஞ்சில் பற்றிய தீயை அணைக்கக் கப்பலுக்குள் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் மாலை நான்கு மணியளவில் வெடிமருந்து வெடித்தபோது சிதறினர். தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தனர். ராஜபாளையத்தின் சரக்கையும் சிவகாசியின் சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடையாக அந்த நாளைப் படிக்கலாம். தமிழர் புத்தாண்டு நாளிலேயே அது வந்து விழுவது தற்செயல்தான் என்றாலும், சித்திரை முதல் நாளில் அதற்கென்று அஞ்சலி செலுத்தும் நிலையங்கள் இவ்வட்டாரத்திலும் உள்ளன என்பதைப் பண்டிகை மகிழ்ச்சியில் பலரும் கவனிப்பதில்லை.

பயிற்றுநராகும் பாதை நேரானது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் காவலர், சிறைக் காவலர், தீயணைப்போர் ஆகியோருக்குப் பொதுவாக நடத்தும் தேர்வில் வென்று தீயணைப்போராக நுழைபவர், பல ஆண்டுகள் கழித்து முன்னணித் தீயணைப்போராகவும் அதன்பின் அலுவலர் நிலைக்கும் உயர்கிறார். நேரடியாக நிலைய அலுவலராகவோ, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வின் வழியே மாவட்ட அலுவலராகவோ வருபவர்களும் உண்டு. அலுவலர் நிலையினருக்கான உயர்பயிற்சிக்கு நாக்பூரில் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி இருக்கிறது. 1956-இல் ராம்பூரில் தொடங்கி மறு ஆண்டு நாக்பூருக்கு மாற்றப்பட்ட அந்தக் கல்லூரி இந்தியா முழுவதற்குமான பாடமுறையை உருவாக்கியது. ஆகவே, பயிற்சித் திடலில் விசிலோடு நிற்பவர் ஆசிரியராவதற்காகப் படித்து வந்தவரல்லர். களத்தில் நின்று, அங்கிருந்து அழைத்து வரப்பட்டவர். இப்பணியின் முதன்மையான வலிமையும் முதன்மையான குறையும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன.

களத்திலிருந்து திடலுக்கு வருவதற்கான ஊக்கங்கள் பலவாக இருப்பினும், மூன்றைப் பொதுவாகப் பிரித்தறியலாம். வயது ஏறும்போது உடல் தளர்வதும் குடும்பத்தோடு ஓரிடத்தில் இருக்க விரும்புவதும் ஒன்று. இதை இழிவாகக் கருதுவதற்கு ஒன்றுமில்லை, இருபது ஆண்டுகள் இரவு அழைப்புக்கு எழுந்து ஓடியவர் அதைக் கேட்கத் தகுதியுள்ளவரே. கற்பித்தலில் உள்ள இயல்பான நாட்டம் இன்னொன்று. மூன்றாவது, எல்லாவற்றிலும் ஆழமானது, ஓர் இழப்பின் நினைவு: தன் கண்முன்னே பறிபோன ஓர் உயிர், உடன் வந்து திரும்பாத ஒரு சகா, தான் கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால் என்று விடாமல் உறுத்தும் ஓர் எண்ணம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தீத்தடுப்பு ஒத்திகை ஒரு பழக்கமாகவே நிலைபெற்றதில் இத்தகைய நினைவின் பங்கு பெரிது. ஓலைக் கூரை வேய்ந்த சமையற்கூடத்தில் பிறந்த அந்தத் தீயைப் பற்றிப் பேசாத பயிற்றுநரைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது.

இழப்பின் நினைவால் கற்பிக்க வருபவரின் சொல்லுக்கு வேறெந்தப் படிப்பாலும் கிடைக்காத எடை இருக்கிறது. ஆனால், அந்த நினைவே பாடமாகிவிடும்போது அது ஒரு தனி நிகழ்வின் வடிவத்தை எல்லா நிகழ்வுகளுக்கும் பொதுவானதாகக் காட்டத் தொடங்குகிறது. ஓலைக் கூரைத் தீயில் கற்ற பாடம் காற்றுப் புகாமல் அடைத்துக் குளிரூட்டப்பட்ட ஒரு துணிக்கடையின் தீக்குப் பொருந்தாது. ‘அன்றைக்கு நாங்கள் இப்படித்தான் செய்தோம்’ என்ற வாக்கியம் வகுப்பில் எத்தனை முறை ஒலிக்கிறதோ, அத்தனை முறை அளந்தறிந்த அறிவின் இடத்தை அனுபவம் தானே எடுத்துக்கொள்கிறது. அதை எதிர்த்துக் கேட்கும் துணிவு, சீருடையும் பதவிப் படிநிலையும் உள்ள ஒரு துறையில் மூன்று மாத மாணவருக்கு எளிதில் வராது.

இனி, கவாத்து என்னும் பயிற்சி முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டளைக்கு ஒரே அசைவு என்ற ஒழுங்கில், குழுவாகத் திரும்பத் திரும்பச் செய்து உடலுக்குப் பழக்குவதே கவாத்து. சுருட்டிய நீர்க்குழாயைத் தரையில் எறிந்து விரிப்பது, ஒருவர் ஒரு முனையைப் பம்பில் பூட்ட மற்றவர் மறுமுனையில் நாஸிலைச் சேர்ப்பது, ‘வாட்டர் ஆன்’ என்ற குரல் வந்ததும் இருவர் முன்னும் பின்னுமாகக் காலை ஊன்றி நிற்பது என ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை உண்டு. 63 மில்லிமீட்டர் குழாய்க்குள் அழுத்தத்தோடு நீர் ஏறும் கணத்தில், தளர்ந்து கிடந்த துணிக்குழாய் விறைத்து ஒரு மிருகத்தைப்போல் திமிறுகிறது. இடுப்பைத் தாழ்த்தாமல் நின்றவனை அது கீழே தள்ளிவிடும். இந்த ஒரு செய்தியைப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொன்னாலும் விளங்காது, திடலில் ஒருமுறை விழுந்தவனுக்கு மறக்காது.

முடிச்சுகளும் அப்படியே. கிணற்றிலோ மாடியிலோ சிக்கியவரைக் கயிற்றில் இறக்கவும் ஏற்றவும் பயன்படும் நாற்காலி முடிச்சில் இரண்டு வளையங்கள். ஒன்று அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றியும், மற்றொன்று முழங்காலுக்குப் பின்னேயும் சென்று, தூக்கப்படுபவரைக் கயிற்றாலான இருக்கையில் அமர்த்திவிடுகிறது. பெரிய வளையத்தையும் சிறிய வளையத்தையும் இடம் மாற்றிப் போட்டால் மயங்கியவர் தலைகீழாகச் சரிவார். வெளிச்சத்தில், உலர்ந்த கையால், பத்து விநாடியில் போடும் முடிச்சை நள்ளிரவில் நனைந்த கயிற்றில் போட வேண்டியிருக்கும் என்பதால், நல்ல பயிற்றுநர் கண்ணைக் கட்டிவிட்டுப் போடச் சொல்கிறார். சிந்தனை செயலிழக்கும் அச்சத்தின் நடுவே கை தானாக வேலை செய்ய வேண்டும் என்பதே கவாத்தின் தத்துவம். அந்த அளவில் அதற்கு மாற்று இல்லை.

இந்தத் தத்துவத்துக்கு இரு நூற்றாண்டு வயது. எடின்பரோ நகரில் 1824-இல் தீயணைப்புப் படையை அமைத்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட், தச்சர், கொத்தனார், கூரை வேய்வோர் போன்ற கட்டடத் தொழிலாளர்களையே தேர்ந்தெடுத்தார். கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவனுக்கே அது எப்படி விழும் என்பது தெரியும் என்பது அவருடைய கணிப்பு. தீ பெரும்பாலும் இருளிலேயே வருகிறது என்பதால், விடியற்காலை நான்கு மணிக்கு அவர்களை எழுப்பிப் பயிற்சி கொடுத்தார். 1830-இல் தீயணைப்போர் பயிற்சியைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் நூல் எழுதியவரும் அவரே. பின்னர் லண்டன் படையின் தலைவரான அவர் 1861 ஜூன் 22 அன்று டூலி தெருத் தீயில் சுவர் சரிந்து இறந்தார். கட்டடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரைக் கட்டடமே கொன்றது என்பதை விதியின் விளையாட்டாகப் பேசுவது எளிது. தீயின் வேகத்தை விடக் கட்டடத்தின் தளர்ச்சியைக் கணிப்பது கடினமானது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

கவாத்தின் குறை அது முடியும் இடத்தில் தொடங்குகிறது. திடலில் எரியும் தீ, பயிற்றுநர் மூட்டிய தீ. எங்கே பற்றும், எப்போது அணையும் என்பது முன்பே தெரிந்தது. உண்மையான அறைத் தீயோ கூரையடியில் புகையைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் புகையே ஓர் எரிபொருளாகி, வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டியதும் அறையில் உள்ள அனைத்தையும் ஒரே நொடியில் பற்ற வைக்கிறது. ஃபிளாஷ் ஓவர் எனப்படும் இந்நிலைக்கு முன் புகை தாழ்வதும் சுழல்வதும் நிறம் மாறுவதும் அடையாளங்கள். அவற்றைக் கண்ணால் கண்டு பழகாதவருக்குச் சொல்லால் விளங்க வைக்க முடியாது என்பதால், ஸ்வீடனில் 1980-களில் சரக்குப் பெட்டகங்களுக்குள் மரப்பலகைகளை எரித்து, மாணவர்களை உள்ளே குனிந்து அமரவைத்துப் புகையின் போக்கைக் காட்டும் முறை உருவானது. பிற நாடுகளும் அதைப் பின்பற்றின.

உண்மைத் தீயை மூட்டிப் பயிற்சி கொடுப்பதும் குறையற்றதன்று. அமெரிக்காவில் 1982-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் பயிற்சித் தீயிலேயே இரு வீரர்கள் இறந்தனர். 1986-இல் உண்மைத் தீயில் பயிற்சி கொடுப்பதற்கென்று தனி விதிமுறை அங்கே எழுதப்பட்டது. விதி எழுதிய பிறகும் 2001-இல் நியூயார்க் மாநிலத்தின் லேர்ட்ஸ்வில் என்ற ஊரில், உயிருள்ள ஒருவரைச் சிக்கிக்கொண்டவராக நடிக்க வைத்து நடத்திய பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் இறந்தார். பயிற்சியை நடத்திய அலுவலர் நீதிமன்றத்தில் குற்றவாளியானார். பயிற்சி உண்மைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் எல்லை தாண்டும்போது அதற்கு விலை கொடுப்பவர் மாணவரே. பயிற்றுநருக்கும் விலை உண்டு: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக வகைப்படுத்தியது. களவீரர் எப்போதாவது சுவாசிக்கும் புகையைப் பயிற்சித் தீ மூட்டுபவர் வாராவாரம் சுவாசிக்கிறார். வெப்பத்துக்கும் வியர்வைக்கும் ஈடுகொடுக்க முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திடலில் நிற்பது வீரத்தின் அடையாளமாகக் கருதப்படும் எந்தப் பயிற்சி மையமும் தன் ஆசிரியர்களைத் தானே எரித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. அது முன்னேறாமல் நிற்பது. ‘காக்கும் பணி எங்கள் பணி’ என்பது துறையின் முழக்கம். அந்த முழக்கத்தால் ஈர்க்கப்பட்டு வந்த இளைஞரிடம், சில இடங்களில் காக்கப் போகாதே என்று சொல்ல வேண்டியவர் பயிற்றுநர். வெடிமருந்துத் தீயில் இந்தப் பாடம் உயிர்ப் பிரச்சினை. வெடிமருந்துக் கலவைக்குள்ளேயே எரிவதற்கான உயிர்வளி அடங்கியிருப்பதால், போர்த்தி மூடித் தீயை மூச்சுத்திணற வைக்கும் வழி அங்கே பலிக்காது. அலுமினியத் தூள் பற்றி எரியும்போது அதன்மேல் ஊற்றும் நீரோ நிலைமையை மோசமாக்கும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்ற விதிகள் எல்லாம் தீ ஓர் அறையோடு நிற்பதற்காக ஏற்பட்டவை. அவை மீறப்பட்ட வளாகத்தில் தீ எங்கே போய் நிற்கும் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவுவதற்கும் பார்ப்பதற்கும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள்.

கிணற்றிலும் இதே கதைதான், சிறிய அளவில். காற்றில் இயல்பாக 21 விழுக்காடு இருக்கும் உயிர்வளி, பயன்படாமல் கிடந்த ஆழ்கிணற்றின் அடியில் குறைந்திருக்கலாம். கிணற்றுக்குள் இறக்கி ஓட்டிய டீசல் மோட்டாரின் புகை அங்கேயே தங்கியிருக்கலாம். மயங்கி விழுந்த தம்பியைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், அண்ணனைத் தூக்கப் பக்கத்து வயல்காரர் இறங்குகிறார். மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் 1986-இலேயே கண்டறிந்து எச்சரித்தது. மூச்சுக் கருவி அணியாமல் இறங்காதே என்பதும், கருவி வரும்வரை மேலிருந்து காற்றைச் செலுத்து என்பதும் ஒரு வரிப் பாடங்கள். ஆயினும் கிணற்றடியில் ஊரே கூடி நின்று ‘என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க’ என்று கத்தும்போது, அந்த ஒரு வரியைக் கடைப்பிடிக்க வீரருக்குத் தேவைப்படும் மனவலிமையைக் கவாத்து கொடுப்பதில்லை. கவாத்து கட்டளைக்குப் பாயவே உடலைப் பழக்கியிருக்கிறது. நிற்பதற்கான கட்டளையை அவர் தனக்குத் தானே இட்டுக்கொள்ள வேண்டும்.

2020 நவம்பர் 14, தீபாவளி அன்று மதுரை விளக்குத்தூண் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில் இயங்கிய ஜவுளிக்கடையின் தீயை அணைத்துக்கொண்டிருந்த இரு வீரர்கள், கட்டடம் இடிந்து விழுந்து இறந்தனர். அவர்களிடம் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. துணி எரியும்போது நனைத்த நீர் அத்தனையும் துணியிலும் தளத்திலும் தங்கிப் பாரமாகிறது. சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்ந்த பழஞ்சுவர் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. எப்போது வெளியேற வேண்டும் என்பதைக் காட்டும் பாடம், ஏணியில் ஏறும் பாடத்தின் அளவுக்காவது பயிற்சிக் காலத்தில் இடம் பெற வேண்டும் என்பதே அந்த மரணங்கள் எழுப்பும் கேள்வி. ராஜபாளையத்தின் பஞ்சுக் கிடங்குகளுக்கும் அது அப்படியே பொருந்தும். இறுக்கிக் கட்டிய பொதியின் மேற்பரப்பில் தீ அணைந்தது போலத் தோன்றும். உள்ளே கனன்றுகொண்டே இருந்து, பல மணி நேரம் கழித்து, வீரர்கள் பொதிகளுக்கிடையே நடக்கும் நேரத்தில் மறுபடி எழும். பொதியைப் பிரித்து நனைப்பதே வழி. நூற்பாலையின் ப்ளோரூம் என்ற முதல் பிரிவில், பஞ்சோடு கலந்து வந்த ஓர் ஆணித் துண்டு இயந்திரத்தில் மோதி எழுப்பும் பொறி போதும், குழாய்கள் வழியே தீ அடுத்த பிரிவுக்குப் போய்விட. இதை நாக்பூரிலோ தாம்பரத்திலோ கற்பிக்கும் பொதுப்பாடம் விரிவாகச் சொல்ல இயலாது. உள்ளூர் நிலையத்தில் கற்பிக்க வேண்டியது. அந்த உள்ளூர்ப் பாடம் எழுத்தில் இல்லாமல் மூத்த வீரரின் நினைவில் மட்டும் இருக்குமானால், அவர் இடமாறுதலில் போகும்போது அதுவும் அவரோடு போய்விடுகிறது.

பொதுமக்களுக்கான பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஏப்ரல் 14-ஐ ஒட்டி வரும் நினைவு வாரத்திலும் தீபாவளிக்கு முன்னும் பள்ளித் திடலிலோ ஆலை வாசலிலோ நடக்கும் ஒத்திகையில், தகரத் தட்டில் எண்ணெய் எரிகிறது, வீரர் நனைத்த சாக்கை விரித்துப் போர்த்துகிறார், சமையல் எரிவாயு உருளையின் தீயை அணைத்துக் காட்டுகிறார், பிள்ளைகள் கைதட்டுகின்றனர். பார்த்ததற்கும் செய்ததற்கும் உள்ள தொலைவை இந்த முறை கணக்கில் எடுப்பதில்லை. பட்டாசு ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் இவ்வட்டாரத்தில், கற்பிக்க வருபவர் ஏறக்குறைய எப்போதும் ஆணாகவே இருப்பதும் ஒரு குறை. 2003-இலேயே தமிழ்நாட்டில் பெண்கள் தீயணைப்பு அலுவலராகிவிட்டாலும், தீயணைப்போர் பணிக்கு நெடுங்காலம் ஆண்களே எடுக்கப்பட்டு வந்ததன் விளைவு அது. சேலையில் தீப்பற்றினால் ஓடாமல் உருள வேண்டும் என்பதை ஒரு பெண் உருண்டு காட்டிக் கற்பிப்பதும், ஓர் ஆண் வாயால் சொல்வதும் ஒன்றாகா.

வீரத்துக்குப் பதக்கம் கொடுக்கும்போது காப்பாற்றப்பட்டவரின் பெயரைச் சொல்ல முடிகிறது. பயிற்றுநரின் வெற்றி, நடக்காமல் போன ஒரு விபத்து. அதற்குச் சாட்சியில்லை, நாளிதழில் செய்தியில்லை. ஊக்கத்தை வெளியிலிருந்து பெற முடியாத இத்தகைய பணியில், இழப்பின் நினைவோ கற்பித்தலின் விருப்பமோ இல்லாமல் இடமாறுதலில் வந்தவர் ஓரிரு ஆண்டில் சோர்ந்துபோவது இயல்பே. களத்தில் சில ஆண்டுகள், திடலில் சில ஆண்டுகள் என்று திட்டமிட்டு மாற்றி மாற்றிப் பணியாற்றச் செய்வதும், கற்பிக்கும் முறையையே தனியாகப் பயிற்றுவிப்பதும், வட்டாரத்துக்கேற்ற தீ நிகழ்வுகளை எழுதி வைக்கும் பொறுப்பைப் பயிற்றுநருக்கே கொடுப்பதும் செலவு மிகுந்த சீர்திருத்தங்கள் அல்ல. இப்போதுள்ள முறை உடலை நன்றாகவே பழக்குகிறது. தீயைப் படிக்கவும் நிற்கவும் போதிய அளவு கற்பிக்கவில்லை என்பதே இங்கே எட்டப்படும் தீர்ப்பு.

அந்தச் சீர்திருத்தங்கள் வரும்வரை இவ்வட்டாரத்தின் பள்ளித் தலைமையாசிரியர்களும் ஆலை மேலாளர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த ஏப்ரலில் சிவப்பு வண்டி வாசலுக்கு வரும்போது, எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து வேடிக்கை காட்டாமல், நனைத்த சாக்கை ஆளுக்கொரு முறை கையில் கொடுக்கும்படி அந்த அலுவலரிடம் கேட்க வேண்டும்.